தடுப்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம்

இறங்கியாயிற்று. கால்கள் முதலில், பிறகு இடுப்பு, பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டி மூச்சை முழுசாக வெளியே விட்டதும் தோளும் நழுவிக்கொடுத்தது. பிளாவியா டீசல் டேங்க்குக்குள் குந்தி உட்கார்ந்திருந்தாள். இவ்வளவுதானே, இதற்கா இத்தனை நாள் வீட்டில் பேச்சு, என்று நினைத்துக்கொண்டாள். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கைக்கெட்டும் தூரத்தில் இரும்பில் போய் முட்டியது. நிமிர்ந்தால் தலை இடிக்கும், கையை விரித்தால் முழங்கை இடிக்கும். இடித்தால் இடிக்கட்டும். இந்தப் படகைக் கட்டியவர்கள் முதலில் இந்த இரும்புப் பெட்டியை எஞ்சினுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மேல்தளத்துப் பலகைகளை அடித்திருக்கிறார்கள். இனி இதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் தளத்தை அறுத்தாக வேண்டும். அறுக்காமல் உள்ளே போக ஒரே வழி தலைக்கு மேலே தெரிகிற இந்த முட்டை வடிவ ஓட்டை. அதில் அவள் கணவன் பெர்க்மான்ஸின் ஒரு தொடைதான் நுழையும். மெக்கானிக் சுடலைமணி தலையும் ஒரு கையும் வரைக்கும் வந்து மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி அவனை உருவி எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவள் சொன்னாள், நான் இறங்குதேன் என்று. ஆண்கள் இரண்டு பேரும் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பெர்க்மான்ஸின் அம்மா பார்த்த அதே பார்வை. ஊதுனா பறந்துருவா போலயே, இவ என்னத்த வீட்டு வேல பாக்க, என்று மாமி வாசலில் வைத்துச் சொன்னது உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் காதில் விழுந்தது. சொல்லட்டும். அந்த உடம்புக்குத்தான் இன்றைக்கு ‘விடியல் நட்சத்திரம்’ படகு வழிவிட்டிருக்கிறது.

டீசலை எல்லாம் பீப்பாய்களுக்கு மாற்றி, மூடியைக் கழற்றிப் பல நாட்கள் திறந்து போட்டிருந்தார்கள். நேற்றிலிருந்து ஊதுகாற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யானைத் தும்பிக்கை போன்ற அதன் குழாய் அவள் முதுகுக்குப் பின்னால் கிடந்து கழுத்தில் காற்றடித்தது. அடியில் மிஞ்சியிருந்தது கசடு. கறுப்பு, ஆனால் வெறும் கறுப்பு இல்லை, விளக்கு பட்டால் ஓரத்தில் பச்சையும் ஊதாவும் மின்னுகிற கறுப்பு. வெண்டைக்காயை நறுக்கி ஊற வைத்ததுபோலக் கொழகொழத்தது. இரும்புக் கரண்டி, இரும்புச் சுரண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது, பொறி பறந்தால் வம்பு என்று சுடலைமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அவள் வீட்டிலிருந்தே தேங்காய்ச் சிரட்டைகளும் மரக் கரண்டியும் பிளாஸ்டிக் முறமும் கொண்டுவந்திருந்தாள். சிரட்டையால் அள்ளி வாளியில் போடு, வாளி நிறைந்ததும் தட்டு, மேலே இருக்கிறவர் தூக்கிக்கொள்வார். கை தானாகப் போனது. கல்யாணத்துக்கு முன்னால் இறால் கம்பெனியில் இப்படித்தான். மலையாகக் குவித்துக் கொட்டுவார்கள், ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகும், புதிதாக வந்த பிள்ளைகள் குவியலைப் பார்த்துவிட்டு அழும். பிளாவியா குவியலைப் பார்க்கவே மாட்டாள். கைக்குள் இருக்கிற இறாலின் தலையைக் கிள்ளு, ஓட்டை உரி, நரம்பை இழு, அடுத்தது. மத்தியானம் மணியடிக்கும்போது குவியல் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை தெரியும். இங்கேயும் தெரியும். தெரிய ஆரம்பித்துவிட்டதே, இதோ முறம் பட்ட இடத்தில் துருப்பிடித்த செம்மண் நிறம். எல்லாம் அழுக்குதான், அழுக்கென்றால் அள்ளினால் போய்விடும், அறுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நான் சொன்னது சரிதானே, சரிதான், நான் சொன்னது எதுதான் தப்பாகப் போயிருக்கிறது. மூக்கில் கட்டிய துணியையும் தாண்டி டீசல் நெடி தொண்டையில் இறங்கி நாக்கில் இனித்தது. இனிப்பா? டீசல் இனிக்குமா? துப்பிவிட்டு அள்ளினாள்.

“பிளாவி.” “ம்.” மேலே ஓட்டையில் பெர்க்மான்ஸின் முகம் தெரியவில்லை, முகவாய் மட்டும்தான் தெரிந்தது, அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏற்பாடு அவள் செய்ததுதான். அவன் கூப்பிட வேண்டும், அவள் உடனே குரல் கொடுக்க வேண்டும், குரல் வராவிட்டால் இழுத்துவிட வேண்டும். போன வருஷம் பக்கத்துப் படகுத் துறையில் ஒரு படகின் மீன் அறைக்குள் இறங்கிய ஆள் திரும்பி ஏறவில்லை. என்ன ஆச்சென்று பார்க்க இறங்கியவனும் ஏறவில்லை. இரண்டு பேரையும் வெளியே எடுத்துப் போட்டபோது உடம்பில் ஒரு கீறல் கிடையாது, தூங்குகிற மாதிரி இருந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அது அழுகிய மீன், இது டீசல், அது வேறு இது வேறு. ஆனால் சுடலைமணி நேற்று மோட்டாரை மாட்டும்போது ஒன்று சொன்னான்: “அக்கா, நாத்தம் அடிச்சாத்தான் ஆபத்துன்னு நெனைக்காதீங்க. மூடிக்கெடக்க இரும்புல துருவே காத்தத் தின்னுரும். அதுக்கு வாசனையே கெடையாது.” துரு காற்றைத் தின்னும். சிரட்டை உரசும் சத்தத்தோடு அந்த வார்த்தையும் சேர்ந்துகொண்டது, துரு காற்றைத் தின்னும், துரு காற்றைத் தின்னும். நெற்றி வலிக்கிறதே, இது காற்றில்லாத வலியா, விளக்குப் பட்டையை இறுக்கிக் கட்டிய வலியா? பட்டையைத் தளர்த்தினாள். வலி கொஞ்சம் குறைந்தது. அப்போ பட்டைதான். இல்லை, குறைந்ததாகத் தோன்றுவதே மயக்கத்தின் முதல் அடையாளமோ? அவள் தன்னையே பரீட்சை வைத்துக்கொண்டாள். என் பெயர் பிளாவியா. புருஷன் பெயர் பெர்க்மான்ஸ். மகள் பெயர் அனுஷியா, பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி., கெமிஸ்ட்ரி, வீட்டுக்குப் போன் பண்ணினால் அப்பாவிடம் மட்டும் பேசுவாள். மாமிக்கு மீன் குழம்பில் மாங்காய் போட்டால் பிடிக்காது, அதனால் நான் போடுவேன். எல்லாம் தெளிவாக இருக்கிறது. மூளை நன்றாக ஓடுகிறது. “பிளாவி.” “ம், இருக்கேன், வாளியத் தூக்குங்க.” வாளி ஆடியாடி மேலே போய் ஓட்டையை அடைத்தபோது ஒரு கணம் டேங்க் இருண்டது, வாளி விலகியதும் வெளிச்சம் வந்தது.

அவன் குரல்தான் சரியில்லை. கூப்பிடுகிற குரலில் ஒரு நடுக்கம். கடலில் மற்ற படகுகளை அதட்டி வலையைத் தள்ளிப் போடச் சொல்லும் பெர்க்மான்ஸின் குரல் இது இல்லை. எஞ்சின் நின்றுபோன அந்த நாளைப் பற்றி அவன் அவளிடம் ஒரே மூச்சில் சொன்னதில்லை; சோறு தின்னும்போது ஒரு துண்டு, செருப்பு மாட்டும்போது ஒரு துண்டு, சேர்த்துத் தைத்துக்கொண்டவள் அவள்தான். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம், வலையை இழுத்துப் படகில் போட்டுவிட்டுக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிக் கடல் ஆட ஆரம்பித்திருந்தது. துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல் வருகிற பாதையைக் குறுக்கே தாண்டும்போது எஞ்சின் இருமியது, இன்னொரு தடவை இருமியது, நின்றது. கப்பல் வருவது தெரிகிறது. முதலில் அது விரல் நீளம்தான். படகில் இருந்தவர்கள் சட்டையைக் கழற்றி வீசினார்கள், கத்தினார்கள், கப்பல் சங்கு ஊதியது, ஆனால் அவ்வளவு பெரிய கப்பலுக்கு நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. கேபினில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்ற பெர்க்மான்ஸின் கையில் சுக்கான் சும்மா சுற்றியது. இடப் பக்கம் திருப்பினாலும் சரி, வலப் பக்கம் திருப்பினாலும் சரி, ஒன்றுதான். பிறகு வானம் இல்லை. சிவப்புச் சாயம் அடித்த இரும்புச் சுவர் மட்டும் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அது கிளப்பிய அலை படகைத் தூக்கிப் போட்டதில் ஐஸ் பெட்டி சரிந்து ஒருவனுக்குக் கணுக்கால் உடைந்தது. அதோடு விட்டதா? கப்பல் போன பிறகு சுவிட்சைத் திருகினால் எஞ்சின் முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கரை வரைக்கும் ஓடியது. அதுதான் அவனைத் தின்றது. உடைந்திருந்தால் உடைந்ததை மாற்றலாம். சுடலைமணி பம்பைக் கழற்றினான், நாசிலைக் கழற்றினான், ஃபில்டரை மாற்றினான், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இனி டேங்க்குக்குள்தான் ஏதாவது இருக்க வேண்டும் என்றான். ஒன்று சுத்தம் பண்ணிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தளத்தை அறுத்துப் புது டேங்க் வைக்க வேண்டும். அறுக்குற அளவுக்குப் போயிட்டா நம்ம போட்டு போச்சு, அதுக்கு வித்துட்டுப் போகலாம், என்றான் பெர்க்மான்ஸ். அறுக்க வேண்டாம், சுத்தம் பண்ணா போதும், என்றாள் இவள். மாமி பூஜை மாடத்தைப் பார்த்துக்கொண்டு, பொம்பள ஏறுன போட்டு வேற எப்படி இருக்கும், என்றாள். திருவிழாவுக்குக் கொடித்தோரணம் கட்ட இவள் போன ஆடியில் படகில் ஏறியதைத்தான் சொன்னாள். பெர்க்மான்ஸ் அம்மாவை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலங்களில் கடற்கரைச் சுவரில் போய் உட்காருவான். ஆனால் ரோட்டைப் பார்த்து உட்காருவான், கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஐஸ் பிளாண்டில் சூப்பர்வைசர் வேலை இருக்காம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். இவன் ஐஸ் பிளாண்டில்! கதவைத் திறந்து மூடிக்கொண்டு, லாரி நம்பர் எழுதிக்கொண்டு! பிளாவியா சிரட்டையை ஓங்கிப் போட்டாள், அது உடைந்தது, இன்னொன்றை எடுத்தாள்.

முதல் அறை முடிந்தது. நிற்க வைத்த இரண்டு தகடுகள் டேங்க்கை மூன்று அறைகளாகப் பிரித்திருந்தன. டீசல் மொத்தமாக ஒரு பக்கம் சரியாமல் இருக்க வைத்த தடுப்புத் தகடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பாதி நிலா வடிவத்தில் வெட்டி வழிவிட்டிருந்தார்கள். டீசலுக்கான வழி. ஆளுக்கானதில்லை. ஆனால் எஞ்சினுக்கு டீசல் உறிஞ்சுகிற குழாய் மூன்றாம் அறையில்தான் இருக்கிறது, அங்கே போகாமல் இங்கே துடைத்து என்ன பிரயோஜனம்? “ஏங்க, நான் அடுத்த ரூமுக்குப் போறேன். காத்துக் குழாய நல்லா உள்ள விடுங்க.” “வேண்டாம்ட்டி. இதோட போதும்.” “போதும்னா எப்படிப் போதும்? கயிற லூசா விடுங்க.” பக்கவாட்டில் படுத்து, காற்றுக்குழாயை முதலில் தள்ளிவிட்டு, ஒரு தோளைக் கொடுத்து, வயிற்றை எக்கி முதல் தகட்டைத் தாண்டினாள். இரண்டாம் அறையைத் துடைத்து, கசடைச் சாக்கில் கட்டிப் பின்னால் தள்ளினாள். இரண்டாவது தகட்டில் பாதி உடம்பு போனதும் நின்றுவிட்டது. சட்டை. பெர்க்மான்ஸின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். அதன் முதுகுப் பக்கம் வெல்டிங் பிசிறில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. முன்னால் இழுத்தாள், இறுகியது. இன்னும் இழுத்தாள், கழுத்துப் பட்டி தொண்டையில் ஏறியது. சரி, பதறாதே. பதறவில்லை. பதறவில்லை என்று ஏன் சொல்லிக்கொள்கிறாய்? தலை மூன்றாம் அறையில், இடுப்பு இரண்டாம் அறையில், இடுப்பில் கட்டிய கயிறு அங்கிருந்து முதல் அறைக்குப் போய் மேலே ஏறுகிறது; அதை மேலேயிருந்து எவ்வளவு பலமாக இழுத்தாலும் தகட்டோடு சேர்த்து என்னை அழுத்துமே தவிர வெளியே கொண்டுபோகாது. இது இப்போதுதான் புத்தியில் படுகிறது. இறங்குவதற்கு முன்னால் ஏன் படவில்லை? இந்தக் கயிறு எனக்காக இல்லை போல. அவர் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், அதற்குத்தான். துரு காற்றைத் தின்னும். காற்றுக்குழாய் எங்கே? கன்னத்துக்குப் பக்கத்தில்தான் ஊதுகிறது, ஊதுகிறது, கேள், ஊதுகிறது. இறால் நரம்பு பாதியில் அறுந்தால் முன்னால் இழுக்கக்கூடாது, கொஞ்சம் பின்னால் விட்டுப் பிறகு இழுக்க வேண்டும். அவள் மூச்சை விட்டாள். ஒரு விரற்கடை பின்னால் போனாள். முதுகில் பிசிறு சட்டையை விட்டது. மறுபடி முன்னால். மூன்றாம் அறை.

இங்கே சத்தமே வேறு மாதிரி இருந்தது. பக்கத்துப் படகில் பலகை இடுக்குகளுக்குப் பஞ்சு அடிக்கிறவர்களின் சுத்தியல் எங்கோ தண்ணீருக்கடியில் தட்டுவதுபோல வந்தது. உறிஞ்சுகிற குழாய் மேலேயிருந்து இறங்கி, அடித்தகட்டுக்கு நாலு விரல் உயரத்தில் வாய் திறந்து நின்றது. அதைச் சுற்றித்தான் கசடு கனமாக இருந்தது. கையுறை போட்ட கையை விட்டுத் துழாவினாள். கசடில்லாத ஏதோ தட்டுப்பட்டது. மெத்தென்று இருந்தது. எலியோ? செத்த எலி டீசலுக்குள் எப்படி வரும்? இழுத்தாள், நீளமாக வந்தது. துணி. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பிழிந்தபோது கறுப்புக்கு அடியில் கட்டம் தெரிந்தது. லுங்கித் துணி, ஒரு முழம் இருக்கும், ஓரம் மடித்துத் தைத்தபடியே கிழித்தது. அதன் நடுவில் ஓர் இடம் மட்டும் அவ்வளவு கறுப்பாக இல்லை. வட்டமாக, உள்ளே குழிந்து, வாயால் உறிஞ்சி இழுத்துவைத்த மாதிரி சுருக்கம் விழுந்திருந்தது. அவள் அந்த வட்டத்தைப் பார்த்தாள். குழாயின் வாயைப் பார்த்தாள். துணியைக் குழாயின் வாயில் வைத்தாள். தைத்தவன் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. கையை எடுத்தாள், விழுந்தது. வைத்தாள், உட்கார்ந்தது. எடுத்தாள், விழுந்தது. அலை அடித்துப் படகு ஆடும்போது மிதந்து வந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் இருமும், நிற்கும். நின்றதும் உறிஞ்சல் நின்றுவிடும், துணி கழன்று விழுந்துவிடும், சுவிட்சைத் திருகினால் எஞ்சின் ஓடும். இவ்வளவுதான். இவ்வளவேதான். சுக்கான் பிடித்தவன் கை இல்லை, தோரணம் கட்ட ஏறிய கால் இல்லை, படகின் கெட்ட நேரம் இல்லை, கப்பல்காரன் இல்லை. ஒரு கந்தல். நமக்கு முன்னால் படகை வைத்திருந்தவர்கள் காலத்தில் எவனோ துடைத்துவிட்டு மறந்து விட்டுப் போன கந்தல். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் எரிந்தது, கையில் டீசல் இருப்பதால் துடைக்கவும் முடியாமல் துணியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள், எவ்வளவு நேரமென்று தெரியாது, அதற்குள் இடுப்பில் கயிறு வெட்டி இழுத்தது.

தகட்டின் விளிம்பில் இடுப்பெலும்பு போய் மோதியது. “பிளாவி! ஏ பிளாவி!” டேங்க் முழுக்க அந்தச் சத்தம் உருண்டது. மறுபடி ஓர் இழுப்பு. “இழுக்காதீங்க! இருக்கேன்! இடுப்பு போச்சு!” என்று அவள் கத்தியது அவன் காதில் விழவில்லை போலிருக்கிறது, அவன் தன்பாட்டில் கத்திக்கொண்டிருந்தான்: “வெளிய வா! சுடலை, தளத்த ஒட, கோடாலிய எடு! எனக்குப் போட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்! பிளாவி! என்னால முடியாதுட்டி, அன்னைக்கே என் கை செத்துப் போச்சு, சுக்கானப் பிடிச்சா நடுங்குது, நான் எப்படி நாலு பேரக் கூட்டிட்டுப் போவேன்? கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டு வரவா?” பிறகு சுடலைமணியின் குரல், “அண்ணாச்சி, விடுங்க கயிற, அக்கா பேசுதாங்க, கேளுங்க.” மேலே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிளாவியா தகட்டில் முதுகைச் சாய்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதிலேயே நீளமான பேச்சு இது, அதையும் ஓர் ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அதெல்லாம் ஒன்றுமில்லை, சரியாகிவிடும், சாப்பிடுங்க என்றிருப்பேன். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன், அதனால்தான் அவர் சொல்லவில்லையோ. அவள் குரலை அடக்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “ஏங்க, நான் நல்லா இருக்கேன். எஞ்சின நிறுத்துனது எதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். கையில வச்சிருக்கேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. கேக்குதா?” இடுப்பில் கயிறு தளர்ந்தது. “கேக்குதான்னு கேட்டேன்.” “ம்,” என்றான் பெர்க்மான்ஸ். இந்தத் தடவை ‘ம்’ சொல்வது அவன் முறையாகிவிட்டது.

இனி ஏறிவிடலாம். துணியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கடைசியாகக் குழாய்க்கு அடியில் இருந்த கசடையும் வழித்துவிடலாமென்று மரக் கரண்டியை ஊன்றினாள், தகடு அமுங்கியது. அவள் நிறுத்தினாள். கரண்டியை எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால் அழுத்தினாள். அப்பளம் நமத்துப்போனால் விரலுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தள்ளி அழுத்தினாள், அங்கேயும். டீசலுக்கு அடியில் தேங்கி நின்ற தண்ணீர் வருஷக்கணக்காக இந்த மூலையிலேயே உட்கார்ந்து தின்றிருக்கிறது. மேலே இருந்த கசடுதான் இவ்வளவு நாள் ஒழுகாமல் காப்பாற்றியிருக்கிறது, அதையும் நான் வழித்துவிட்டேன். வேண்டாம், அழுத்தாதே, அழுத்தினால்தானே தெரியும். சுத்தம் பண்ணா போதும் என்று சொன்னது யார்? நான். அறுக்கிற அளவுக்குப் போனால் விற்றுவிடுவேன் என்று சொன்னது யார்? அவர். துணி கிடைத்துவிட்டது, நான் ஜெயித்தாகிவிட்டது, இதைச் சொன்னால் ஜெயித்தது கையைவிட்டுப் போகிறது, படகும் போகிறது. சொல்லாவிட்டால்? ஒரு சீசன் தாங்கும். ஒரு சீசன் என்று யார் சொன்னது, இந்தக் கட்டைவிரலா? நடுக்கடலில் ஒரு நாள் அடித்தகடு பிளந்து டீசல் எல்லாம் எஞ்சின் அடியில் போய் நிற்கும், அவர் மறுபடி சுக்கானைச் சும்மா சுற்றுவார், இன்னொரு கப்பல் வரும். அந்தச் சிவப்புச் சுவரை அவள் பார்த்ததில்லை. ஆனால் நெற்றி விளக்கு பட்டு எதிரே நின்ற துருப்பிடித்த இரும்பு அதே நிறத்தில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலை எடுத்தாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நான் சொன்னது தப்பாகப் போயிருக்கிறது, அவ்வளவுதானே. தப்பென்றும் நானே சொல்வேன், வேறு யார் சொல்ல முடியும், வேறு யார் இங்கே வந்து பார்த்தார்கள்? விற்கிறார் என்றால் விற்கட்டும். ஆள் இருந்தால் போதும். கரண்டியின் காம்பால் அழுத்தினாள். அது சத்தமே இல்லாமல் தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் இறங்கியது.

வெளியே வெயில் கண்ணில் அறைந்தது. பெர்க்மான்ஸ் அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கித் தளத்தில் நிறுத்தினான், நிறுத்திய பிறகும் விடவில்லை. அவள் மேலிருந்த கறுப்பெல்லாம் அவன் வெள்ளைப் பனியனில் ஒட்டியது. கன்னம் ஈரமாக இருந்தது, அவளுடையதா அவனுடையதா தெரியவில்லை, டீசல் நாற்றத்தில் எல்லாம் ஒன்றுதான். அவள் சட்டைக்குள்ளிருந்து கந்தலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அந்த வட்டத்தைக் காட்டினாள். சுடலைமணி எட்டிப் பார்த்து, ஒரு துண்டுக் குழாயை எடுத்துவந்து அந்தச் சுருக்கத்தில் பொருத்தி, “அட நாசமாப் போறவனே,” என்று எவனென்று தெரியாத அந்த மறதிக்காரனைத் திட்டினான். பெர்க்மான்ஸ் குழாயை வாங்கித் துணியில் வைத்தான், எடுத்தான், வைத்தான். உள்ளே அவள் எத்தனை தடவை செய்தாளோ அதைவிடக் கூடுதலாகச் செய்தான். பிறகு தளத்தின் ஓரத்துக்குப் போய்க் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான், கடலைப் பார்த்து. “சந்தோசம் அண்ணாச்சி,” என்றான் சுடலைமணி, “கழுவி விட்டுட்டு, குழாய் வாய்க்கு ஒரு சல்லடையப் போட்டு மூடிருவோம். அறுக்க வேண்டிய வேலையே இல்ல. அக்கா சொன்னதுதான் நடந்துச்சு.”

“நடக்கல,” என்றாள் பிளாவியா. இரண்டு பேரும் திரும்பினார்கள். “அடித்தகடு போச்சு. குழாய்க்குக் கீழ, கைய விரிச்சு வைக்குற அகலத்துக்கு. கரண்டிக் காம்பு அந்தப் பக்கம் போயிருச்சு. ஒட்டுப் போட்டா நிக்காது, நான் அழுத்திப் பாத்துட்டேன். டேங்க மாத்தித்தான் ஆகணும். நான் சொன்னது தப்பு.” சொல்லி முடித்ததும் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்தாள். சுடலைமணி உதட்டைப் பிதுக்கினான். பெர்க்மான்ஸ் அவளைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான், கையிலிருந்த கந்தலைப் பார்த்தான். இப்போது சொல்வார், அறுக்குற அளவுக்குப் போயிட்டா என்று ஆரம்பிப்பார், சொல்லட்டும், ஐஸ் பிளாண்டும் வேலைதான், கதவு திறப்பதும் வேலைதான், மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், நான் தூக்குச் சட்டி கழுவ வேண்டியதில்லை, சனி ஞாயிறு லீவு இருக்குமோ என்னவோ, அவரைச் சனிக்கிழமை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. அவன் கந்தலைத் தோளில் போட்டுக்கொண்டு, சுடலைமணியின் பெட்டியைக் கிளறி ஒரு சாக்குக்கட்டியை எடுத்தான். தளத்தில் மண்டியிட்டான். விரல் கணுவால் பலகைகளைத் தட்டிக்கொண்டே போனான், அடியில் இரும்பு இருக்கிற இடத்தில் ஒரு சத்தம், இல்லாத இடத்தில் வேறு சத்தம். சத்தம் மாறிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தான். இன்னொரு புள்ளி. அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளியிலிருந்து புள்ளிக்கு அவன் கோடு இழுத்தான். சாக்குக்கட்டி ஓரிடத்தில் தயங்கி நின்றது, விரல்கள் நடுங்கின, அவன் அது அடங்கும் வரை காத்திருந்து மீதியை இழுத்தான். கோடு நேராகத்தான் வந்தது. “அப்போ விக்கலியா அண்ணாச்சி?” என்று சுடலைமணி கேட்டேவிட்டான்.

“டேங்க் இல்லாத போட்ட எவன்ல வாங்குவான்?” என்றான் பெர்க்மான்ஸ், தலையைத் தூக்காமல். பிறகு, “ஏட்டி, கொஞ்சம் எந்திரி. நான் அறுக்கப் போற எடத்துல உக்காந்திருக்க.”

பிளாவியா எழுந்து, அந்தக் கயிற்றுச் சுருளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, ரம்பத்தை எடுத்துவரப் போனாள்.